தாய் சொன்னது

அந்தப் பக்கத்தில் அவளுக்கு அட்டை நர்ஸ் என்று பெயர். இடுப்பில் பிள்ளையை இடுக்கிக்கொள்வதுபோல எந்நேரமும் ஒரு பச்சை அட்டைக் கோப்பை இடுக்கிக்கொண்டு நடப்பாள், அதனால் வந்த பெயர். வேறு அர்த்தம் சொல்லிச் சிரிக்கிறவர்களும் உண்டு. ஒரு வீட்டுக்குள் நுழைந்தாள் என்றால் லேசில் விடமாட்டாள். பிள்ளை என்ன தின்றது, யாரோடு சண்டை போட்டது, பொய் சொல்லுமா, சொன்னால் எப்படிப்பட்ட பொய் என்று குடைந்து எடுத்துவிடுவாள். "வந்துட்டாடி, இன்னிக்கு அரை நாள் போச்சு" என்று சமையலறைக்குள் ஓடி ஒளிகிற அம்மாக்களை அவளுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே சமையலறைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடுவாள்.

ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நர்சிங் கல்லூரியில் ஓர் ஆராய்ச்சி. பதினாலு வருஷத்துக்கு முன்னால் அங்கே பிறந்த பிள்ளைகளில் நூற்றிருபது பேரைப் பொறுக்கி, தொட்டிலில் தொடங்கி அவர்கள் ஆளாகிக் கிழடாகும் வரைக்கும் பின்னாலேயே போய்ப் பார்ப்பது என்று திட்டம். ஆரம்பித்தவர்கள் யாரும் முடிவைப் பார்க்க இருக்கமாட்டார்கள் என்பது அவர்களுக்கே தெரியும். மனுஷ ஆயுசை எட்டுப் படியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு படியிலும் உள்ளே ஒரு கேள்வி ஓடுமாம். கைக்குழந்தைக்கு, இவர்களை நம்பலாமா என்று. நடை பழகுகிற பிள்ளைக்கு, நானே செய்யட்டுமா என்று. பள்ளிக்கூடம் போகிறதுக்கு, ஒன்றை உருப்படியாகச் செய்து முடிக்க என்னால் ஆகுமா என்று. பதினாலு பதினைந்தில், நான் யார் என்று. இப்படியே ஏறிப்போய்க் கடைசிப் படியில், வாழ்ந்தது சரிதானா என்று கேட்டுக்கொண்டு கண்ணை மூட வேண்டியதுதான். எந்தப் படியில் நிற்கிற நோயாளியிடம் நர்ஸ் எப்படிப் பேச வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை பாடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தெருத்தெருவாக அலைகிறவள் அவளல்லவா.

அந்த வேலைக்கு இரண்டு சட்டம் இருந்தது. வருஷப் பதிவுக்குப் போகும்போது பிள்ளை வீட்டில் இல்லையென்றால், அம்மா சொல்வதை அப்படியே எழுதி ஓரத்தில் 'தா.சொ.' என்று போட வேண்டும். தாய் சொன்னது. சொந்தச் சரக்கு சேர்க்கக் கூடாது, நம்பவில்லை என்று முகத்திலும் காட்டக் கூடாது. இன்னொன்று, ஒரு பிள்ளையை ஆராய்ச்சியிலிருந்து எடுப்பதென்றால் விலகல் படிவத்தில் தாய் கையெழுத்துப் போட வேண்டும். வேறு யார் போட்டாலும் செல்லாது.

கல்லூரிக்குப் புதிதாக வந்த பேராசிரியை அன்று காலையில் அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். மேஜை முழுக்க வரைபடங்கள். மற்றப் பிள்ளைகளின் கோடெல்லாம் ஏறியும் இறங்கியும் கிறுக்கலாகக் கிடந்தன. அப்பா விட்டுவிட்டுப் போன வருஷம் சரிந்திருக்கும், கை ஒடிந்த வருஷம் சரிந்திருக்கும். ஒரே ஒரு கோடு மட்டும் அடிமட்டம் வைத்து இழுத்தாற்போல நேராக ஏறியது.

"நாப்பத்தொண்ணாம் நம்பர் யாரு?" என்று பேராசிரியை கேட்டாள்.

நர்ஸ் கோப்பை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "யூனிஃபார்ம் தைக்கற அம்மா ஒருத்தங்க இருக்காங்க மேடம். அவங்க மூத்த பொண்ணு."

"இது பிள்ளையா, பாடப் புத்தகமா? எந்த வயசுல என்ன பண்ணணுமோ அதை அச்சுப் பிசகாம பண்ணியிருக்கு. ஒண்ணு மட்டும் புரியல. ரெண்டு வயசுலேர்ந்து எல்லாமே தா.சொ. ஒரு தடவைகூடவா நீங்க பொண்ணைப் பார்க்கல?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கும் மேடம்."

"ரெண்டு வயசுலயா?"

"தூங்கிட்டு இருந்திருக்கும்."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். கோபக்காரியில்லை, தெரிந்துகொள்ளும் ஆசைக்காரி. "பதினாலு வயசு. 'நான் யாரு'ன்னு கேக்கற வயசு. நாளைக்குச் சாயந்திரம் நானும் உங்களோட வர்றேன். இந்தப் பொண்ணை நேர்ல பார்க்கணும்."

நர்ஸ் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, தண்ணீர்க் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டாள். நாற்பத்தொன்றாம் நம்பர் செத்துப் பன்னிரண்டரை வருஷம் ஆகிறது.

இதை எப்படிச் சொல்வது? பதினெட்டாம் மாதப் பதிவுக்கு அவள் போனபோது குழந்தை அம்மா மடியில் துவண்டு கிடந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "சும்மா ஜுரம்தான், ரெண்டு நாள்ல ஓடிடும்" என்றாள். நர்ஸ் சொன்னால் நம்புவார்கள். நம்பினார்கள். மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது. துக்கத்துக்குப் போய் வாசலில் நின்றவளால் உள்ளே காலெடுத்து வைக்க முடியவில்லை. யாரும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை, அதுதான் கொடுமை.

ஆறு மாதம் கழித்து இரண்டாம் வருஷப் பதிவு வந்தது. விலகல் படிவத்தைக் கோப்பில் மேலாக வைத்துக்கொண்டுதான் போனாள். கதவு திறந்தது. அம்மாக்காரி எதிரில் நின்றாள். நூறு வீட்டில் நூறு தடவை கேட்டுக் கேட்டுப் பழகிப்போன பாழும் வாய், "பாப்பா எப்படி இருக்கா?" என்று கேட்டுவிட்டது. கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அம்மாக்காரி அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நல்லா இருக்கா. ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசறா" என்றாள்.

நர்ஸ் உட்கார்ந்து எழுதினாள். வேறென்ன செய்வாள்? பிள்ளையைப் பறிகொடுத்தவள், மனசு பேதலித்திருக்கிறாள், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த வருஷமும் அப்படியே நினைத்தாள். மூன்று வயதில் செருப்பைத் தானே மாட்டுவேன் என்று அழுகிறாளாம். ஐந்தில் தொட்டதெல்லாம் ஏன் எதற்கு என்கிறாளாம். ஏழில் நகம் கடிக்கிறாளாம். உயரம் கேட்டால் அம்மாக்காரி தையல் நாடாவைத் தரையிலிருந்து காற்றில் நீட்டி, இங்கே என்று ஓர் இடத்தில் விரலை வைப்பாள். அங்கே ஒன்றுமிருக்காது. ஆனால் அந்த எண்ணைக் கொண்டுபோய் வளர்ச்சிப் பட்டியலில் வைத்தால் நடுக்கோட்டில் போய் உட்காரும். பேசாமல் தா.சொ. என்று போட்டுவிட்டு எழுந்து வருவாள்.

இதற்கிடையில் அந்த வீட்டில் இன்னொரு பெண் பிறந்தது. அதைச் சின்னவள் என்று கூப்பிட்டார்கள். ஆராய்ச்சி வருஷத்தில் பிறக்காததால் அதற்கு நம்பர் இல்லை, படிவமும் இல்லை. அது பாட்டுக்குச் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

போன வருஷம் நடந்ததுதான் நர்ஸை உலுக்கிவிட்டது. சின்னவள் போட்டிருந்த சட்டையில் முழங்கை நைந்திருந்தது, விளிம்பைப் பிரித்து இறக்கிய தடம் தெரிந்தது. "பெரியவளோட பழசு" என்றாள் அம்மாக்காரி. யார் போட்டு நைந்தது? கேட்கவில்லை. அதே நாளில், பெரியவளுக்கு எதைக் கண்டால் பயம் என்ற கேள்விக்கு அம்மாக்காரி உடனே பதில் சொல்லாமல் சின்னவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். "பச்சை அட்டையைக் கண்டா பயமாம்." நர்ஸ் அதையும் எழுதிக்கொண்டாள். கையெழுத்து கோணல்மாணலாக விழுந்தது.

நாளை வரைக்கும் காத்திருக்க முடியாது. இன்றைக்கே கையெழுத்து வாங்கியாக வேண்டும். மத்தியானச் சாப்பாட்டைக்கூட மூடி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

மூன்று மணி இருக்கும். தூறல் விடாமல் பொசுபொசுவென்று விழுந்துகொண்டிருந்தது. காற்றே இல்லை. ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட வரிசை வீடுகள். தையல்காரம்மாவின் பக்கத்து வீட்டில் பெரிய பூட்டுத் தொங்கியது. வாசற்படியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"யாரு, நர்ஸக்காவா? தேதி இன்னும் வரலையே" என்று தையல்காரம்மா காலை மிதிப்பலகையிலிருந்து எடுத்தாள். வயது முப்பத்தெட்டுத்தான், கண்ணுக்குக் கீழே மட்டும் ஐம்பது தெரியும். முன்னறை பூராவும் நீலப் பாவாடைகள் குவிந்திருந்தன. பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள்தான். பித்தான் டப்பா, சாக்குக் கட்டி, வெட்டி விழுந்த துண்டுத் துணிகள். நர்ஸ் ஒரு நாற்காலியை இழுக்கப் போனாள்.

"அதுல வேணாம்க்கா. இதுல உக்காருங்க."

நர்ஸ் மற்றதில் உட்கார்ந்தாள். முதல் நாற்காலி காலியாக அவள் பக்கத்திலேயே இருந்தது. "சின்னவ எங்க?" என்றாள்.

"நூல் வாங்கக் கடைக்குப் போயிருக்கா. டீ போடட்டா?"

"வேணாம்மா. வந்து உக்காரு. ஒரு விஷயம் பேசணும்."

உள் அறையில் திரைக்குப் பின்னால் ஏதோ நகர்ந்தது. மர ஸ்டூலைத் தரையில் இழுக்கிற சத்தம். நர்ஸ் நிமிர்ந்தாள்.

"பக்கத்து வீடு. ஒரே சுவருதானே, அவங்க தும்மினாகூட இங்க கேக்கும்" என்றாள் தையல்காரம்மா.

பூட்டுத் தொங்கியதை நர்ஸ் சொல்லவில்லை. சொல்ல வந்ததைச் சொல்வதற்கே தெம்பு போதவில்லை. கோப்பைத் திறந்து படிவத்தை எடுத்துத் துணிக்குவியலின் மேல் வைத்தாள். பன்னிரண்டரை வருஷமாக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்துபோயிருந்தது.

"ஏம்மா, நாளைக்கு எங்க மேடம் வர்றாங்க. பெரியவளைப் பார்க்கணுமாம்."

தையல்காரம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"என்னால இனிமே முடியாதும்மா. அவ செத்துட்டா. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சும்மா ஜுரம்தான்னு சொன்னவ நான். அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்கன்னு சொல்லியிருந்தா..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "உன் மனசு தாங்காதுன்னுதான் வருஷா வருஷம் வந்து எழுதிட்டுப் போனேன். என்னை மன்னிச்சுடு. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடு."

தையல்காரம்மா அவளை வினோதமாகப் பார்த்தாள்.

"என் மனசு தாங்காதுன்னா?"

"ஆமா."

"எனக்காகவா எழுதினீங்க?"

"பின்னே?"

"அடக் கடவுளே" என்றாள் தையல்காரம்மா. "நான் உங்களுக்காக இல்ல சொன்னேன்!"

மடியிலிருந்த பாவாடையை எடுத்துக் கீழே போட்டாள்.

"அந்த ரெண்டாம் வருஷம் வாசல்ல வந்து நின்னீங்களே, ஞாபகம் இருக்கா? பாப்பா எப்படி இருக்கான்னு கேட்டீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. அப்புறம் உங்க மூஞ்சியைப் பார்த்தேன். பேயறைஞ்ச மாதிரி இருந்துது. ஐயோ, இவங்களுக்குத்தான் புத்தி பிசகிப்போச்சு, இல்லன்னு சொன்னா இங்கேயே விழுந்துடுவாங்கன்னு பயந்துட்டேன். அதான் நல்லா இருக்கான்னேன். நீங்க உடனே உக்காந்து எழுதினீங்க. சரி, இந்த அம்மாவுக்கு இது வேண்டியிருக்கு போலன்னு நினைச்சேன். எங்க வீட்டுக்காரரு லாரியிலேர்ந்து வந்தப்போ சொன்னேன். வருஷத்துல ஒரு நாள்தானே, போனாப் போகுது, சொல்லிட்டுப் போன்னாரு."

"ஆனா எப்படிம்மா அவ்வளவு சரியா?" நர்ஸால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "உயரம், சுற்றளவு, எல்லாம் பட்டியல்ல எடுத்து வெச்ச மாதிரி..."

"நான் என்ன தைக்கறேன்? யூனிஃபார்ம்தானே. எந்த வகுப்புக்கு எவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியாதா? நாடாவைப் பிடிச்சா விரல் தானா அங்க போய் நிக்கும்." தையல்காரம்மா லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். "மத்தது நீங்க கேக்கறதுலயே இருக்குமே. கதவைச் சாத்திக்கறாளான்னு கேப்பீங்க, ஆமாம்பேன். கூட்டாளிங்க பேச்சைத்தான் கேக்கறாளான்னு கேப்பீங்க, ஆமாம்பேன். நீங்க கேட்டுக் கேட்டே அவளை வளர்த்துட்டீங்கக்கா."

நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். நடுக்கோட்டில் நேராக ஏறிய அந்தக் கோடு! கேள்வித்தாள் தன்னையே பார்த்து எழுதிக்கொண்ட கோடு அது. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டு பொம்பளைகள், மற்றவள் மனசு நோகக் கூடாதென்று, ஒரு செத்த பிள்ளையைப் பதினாலு வயது வரைக்கும் ஆளாக்கி விட்டிருக்கிறார்கள். உலகத்தில் இப்படியொரு கூத்து உண்டா?

"போகட்டும்" என்றாள். "இப்பவாவது தெரிஞ்சுதே. போடு கையெழுத்தை, விட்டுத் தொலைப்போம்."

தையல்காரம்மா பேனாவை வாங்கினாள். ஆனால் போடவில்லை. வாசலைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள்.

"அஞ்சு வருஷமா நான் சொல்லலைக்கா."

"என்னது?"

"பெரியவளுக்கு எட்டு வயசு வரைக்கும்தான் நானா சொன்னது. அதுக்கப்புறம் எல்லாம் சின்னவ சொல்றது."

நர்ஸுக்குச் சட்டென்று புரியவில்லை.

"சின்னவளுக்கு அப்போ நாலு வயசு. ஒருநாள் வந்து, 'அம்மா, அக்காவுக்குக் கை இறுக்குது, வேற தைச்சுக் குடு'ன்னா. விளையாட்டுன்னு ஒண்ணு தைச்சுக் குடுத்தேன். ஸ்டூல் மேல ஏறி நின்னு அதைப் போட்டுக்கிட்டா. 'அக்கா போட்டுப் பார்க்கறா'ன்னா. அன்னிலேர்ந்து விடறதே இல்ல. மத்தியானம் முழுக்க அக்காவா இருப்பா. முழங்கையை மேஜையில ஊனிக்கிட்டு அக்கா வகுப்புக் கணக்கையெல்லாம் போடுவா, தப்புத்தப்பா. வருஷத்துக்கு ஒண்ணு பெருசாத் தைக்கணும், ஒரு வருஷம் மாட்டேன்னேன். மூணு நாள் பச்சைத் தண்ணி அவ வாயில படல."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்கதான் சொல்லிக் குடுக்கறீங்கன்னு நினைச்சேனே!"

"நானா? அவகிட்ட நான் ஒரு வார்த்தை பேசினதில்லையே!"

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவளுக்கே சுட்டது. ஒன்பது வருஷம். வருஷத்துக்கொரு தடவை இந்த அறையில், அந்தச் சுவரோரம், ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. இல்லாத பிள்ளையின் பல்லும் பயமும் கனவும் கேட்டு எழுதியவள், இருக்கிற பிள்ளையிடம் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்டதில்லை. நம்பர் இல்லையே, எதற்குக் கேட்பது? நர்ஸுக்குத் தன் மேலேயே அருவருப்பாக வந்தது.

"இப்பல்லாம் எனக்குப் பயமா இருக்குக்கா" என்று தையல்காரம்மா முணுமுணுத்தாள். "லீவுக்கு முன்னாடி டீச்சர் கூப்பிட்டு விட்டாங்க. வயசு எழுதச் சொன்னா பதினாலுன்னு எழுதறாளாம். யாரோடயும் விளையாடறதில்ல, சின்னப் பசங்கம்பாளாம். சின்னவன்னு கூப்பிட்டாத் திரும்பறதில்ல. ஒண்ணு போச்சுன்னு ஒண்ணைப் பெத்தேன். இதையும் அது இழுத்துக்கிட்டுப் போகுதுக்கா. நீங்கதானே கேக்கறவங்க, நீங்களே நிறுத்துங்க. எனக்கு என் சின்னவ வேணும்."

அப்போதுதான் வாசலில் நிழல் விழுந்தது.

சின்னவள் நூல்கண்டோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, தலைமுடியெல்லாம் தூறல் முத்துமுத்தாகக் கோர்த்திருந்தது. உள்ளே வந்தாள், கதவைச் சாத்தினாள், குதிகாலை உயர்த்தி எக்கித் தாழ்ப்பாளைப் போட்டாள். நூல்கண்டை அம்மா மடியில் வைத்தாள். பிறகு நர்ஸின் எதிரில் வந்து, படிவத்தைக் குனிந்து பார்த்தாள்.

"இதுல கையெழுத்துப் போட்டா அக்கா போயிடணுமா?"

குரல் கணீரென்று இருந்தது. ஒன்பது வயதுக் குரல்தான். கேட்ட விதம்தான் வேறு.

"அவ எப்பவோ போயிட்டாம்மா" என்றாள் நர்ஸ்.

"இல்லையே. உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கா."

நர்ஸ் அந்த நாற்காலிப் பக்கம் திரும்பவில்லை. முப்பது வருஷம் வார்டில் எத்தனையோ பிணத்தைக் குளிப்பாட்டித் துணி மாற்றியவள்தான். ஆனாலும் கழுத்து அந்தப் பக்கம் திரும்ப மறுத்தது. இடது தோள் மட்டும் குளிர்ந்தாற்போல இருந்தது, ஈரக் காற்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். கதவு சாத்தியிருந்தது.

தையல்காரம்மா பேனாவை அழுத்திப் பிடித்துக் கையெழுத்தைப் போட்டாள். பேனா ஒரு இடத்தில் காகிதத்தைக் கிழித்தது. விலகிய தேதி என்ற இடத்தில், கேட்காமலேயே, அந்தப் பழைய தேதியை எழுதினாள். நர்ஸ் போனை எடுத்தாள். தள்ளிப்போட்டால் நாளைக்கு வேறு ஏதாவது சாக்குத் தோன்றும் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும்.

"மேடம், நாளைக்கு வர வேணாம். நாப்பத்தொண்ணு இல்ல."

"இல்லைன்னா? எங்கேயாவது வெளியே போயிருக்காளா?" பேராசிரியையின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"செத்துட்டா மேடம். ஒண்ணரை வயசுல. அதுக்கப்புறம் எழுதினதெல்லாம் பொய். நான்தான் எழுதினேன். நாளைக்கு வந்து எல்லாத்தையும் சொல்றேன், என்ன பண்ணணுமோ பண்ணுங்க."

நர்ஸ் போனை அணைத்துக் கோப்புக்குள் போட்டாள். வேலை போகும். ஆராய்ச்சியே போனாலும் போகும். அதைப் பற்றி நினைக்கவும் நேரமில்லை, எதிரில் அந்தப் பிள்ளை கண்ணைக்கூட இமைக்காமல் நின்றுகொண்டிருந்தது.

"இங்க வா" என்றாள். "உக்காரு. உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"அக்காவைப் பத்தியா?"

"இல்ல. உன்னைப் பத்தி."

"எனக்கு ஃபாரம் கிடையாதே."

"எனக்கு மனப்பாடம்டி. ஒம்பது வயசுக் கேள்வியை நூறு பசங்ககிட்டக் கேட்டிருக்கேன்." நர்ஸ் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில், நீலத் துணிகளின் நடுவே, காலை மடக்கி உட்கார்ந்தாள். முழங்கால் கடக்கென்றது. சின்னவளும் எதிரில் உட்கார்ந்தாள். "நீயே தனியா, ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் செஞ்சு முடிச்சது ஏதாவது ஒண்ணு சொல்லு. எதுவானாலும் சரி. படம் வரைஞ்சது, பொம்மை செஞ்சது."

சின்னவள் வாயைத் திறந்தாள். "அக்கா ஒரு தடவை..."

"அக்கா இல்ல. நீ."

வாய் மூடிக்கொண்டது. அம்மாவைப் பார்த்தாள். காலி நாற்காலியைப் பார்த்தாள். அதில் யாரோ பேசுவதைக் கேட்கிறாற்போலக் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். "இருங்க, அவ பேசி முடிக்கட்டும்" என்றாள். நர்ஸ் காத்திருந்தாள். தையல்காரம்மா நூல்கண்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். தூறல் வலுத்து, ஓட்டில் சடசடவென்று அடித்து, மறுபடி தணிந்தது.

"அவளுக்குக் கேக்காம சொல்லட்டுமா?" என்று சின்னவள் கேட்டாள்.

"சொல்லு."

சின்னவள் தவழ்ந்து வந்து, நர்ஸின் வலது காதில் வாயை வைத்தாள்.

"அக்காவைத்தான் செஞ்சேன்."

காதில் பட்ட மூச்சு சூடாக இருந்தது.

"தப்பா?" என்றாள் சின்னவள். இந்தத் தடவை குரல் உடைந்தது.

"இல்லடி கண்ணு, இல்ல." நர்ஸ் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "நீ தனியாச் செய்யல. நான் ஆரம்பிச்சேன், உங்கம்மா கை குடுத்தா, கடைசியில நீ பார்த்துக்கிட்ட. மூணு பேரும் சேர்ந்துதான் செஞ்சோம். பெரியவங்க ரெண்டு பேரும் பண்ண தப்பை நீ சுமந்துட்ட. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

"நான் விட்டுட்டா நீங்க ரெண்டு பேரும் அழுவீங்கன்னு நினைச்சேன்."

"அழுதா அழுதுட்டுப் போறோம். அழறதுக்குத்தானே பெரியவங்க இருக்கோம்."

சின்னவள் மூக்கை உறிஞ்சிப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, காலி நாற்காலியின் முன்னால் போய் நின்றாள். நின்றவள் குனிந்தாள், இன்னும் குனிந்தாள். முகத்துக்கு முகம் பேசுவதற்கு அவ்வளவு கீழே குனிய வேண்டியிருந்தது. ஏதோ மெல்லச் சொன்னாள். பிறகு ஒரு கையைத் தாழ்வாகத் தொங்கவிட்டு, தன் தொடை உயரத்தில் எதையோ பிடித்துக்கொண்டு, சின்னச் சின்ன எட்டாக, நின்று நின்று, வாசலுக்கு நடந்தாள்.

தையல்காரம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். வருஷா வருஷம் அவள் காற்றில் அளந்து ஏற்றிய உயரத்தில் அந்தக் கை இல்லை, ஒன்றரை வயதிலேயே நின்றுபோன உயரத்தில் இருந்தது.

கதவருகே போனதும் சின்னவள் திரும்பினாள்.

"யாராவது திறந்து விடுங்களேன்" என்றாள். "அவளுக்குத் தாழ்ப்பாள் எட்டாது."

நர்ஸ்தான் எழுந்து போய்த் திறந்தாள். திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். வெளியே சாம்பல் நிறத்தில் தூறல். தெருவில் யாருமில்லை. தாழ்வாக, தரையை ஒட்டி, ஒரு குளிர் அவள் கணுக்காலை உரசிக்கொண்டு போனது. அல்லது போனதாக அவளுக்குத் தோன்றியது.

"படியில தண்ணி நிக்குது" என்று தையல்காரம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள். "பார்த்து இறங்குடி! பார்த்து!" அப்புறம் நீலத் துணிக்குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பன்னிரண்டரை வருஷத்து அழுகையை அழுதாள். நர்ஸும் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறைக்கவில்லை.

சின்னவள் நிலைப்படியில் நின்று கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே வந்து அம்மாவின் தோளைத் தட்டினாள்.

"அம்மா" என்றாள். "எனக்குப் பசிக்குது."